மதுரை வியாபாரி சொன்ன மாயத் தீவுக் கதை

அந்தப் பெண் கண் விழித்தாள்.

நேற்று இரவு அவள் இருந்தது காவிரிப்பூம்பட்டினத்தில். பக்கத்தில் தோழி இருந்தாள். இப்போது தோழியைக் காணோம். ஊரையும் காணோம். காலடியில் மணல். நான்கு பக்கமும் கடல்!

"இது எந்த இடம்? என்னை இங்கே கொண்டு வந்தது யார்?" என்று அவள் கதறினாள். பதில் சொல்ல ஆள் இல்லை.

அவள் வந்து சேர்ந்தது ஒரு மாயத் தீவு.

இது சினிமாக் கதையா? இல்லை. வெளிநாட்டு நாவலா? அதுவும் இல்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கும் முந்திய தமிழ்க் கதை. எழுதியவர் மதுரைக்காரர். அவர் ஒரு தானிய வியாபாரி!

கதையின் பெயர் "மணிமேகலை".

அலமாரிக்குள் ஓர் உலகம்

மாயக் கதை என்றால் பிள்ளைகளுக்கு உயிர். சோற்றைக் கூட மறந்துவிட்டுப் படிப்பார்கள்.

1950-ல் இங்கிலாந்தில் சி. எஸ். லூயிஸ் என்பவர் ஒரு கதை வெளியிட்டார். அதில் குழந்தைகள் ஒரு அலமாரியைத் திறந்து உள்ளே போகிறார்கள். அங்கே பனி மூடிய வேறோர் உலகம் இருக்கிறது.

1997-ல் ஜே. கே. ரவுலிங் என்ற பெண்மணி ஹாரி பாட்டர் கதையை வெளியிட்டார். அந்தச் சிறுவன் லண்டன் ரயில் நிலையத்தில் ஒரு சுவருக்குள் புகுந்து, மந்திரப் பள்ளிக்கூடத்துக்கு ரயில் ஏறுகிறான். உலகம் முழுவதும் பிள்ளைகள் இந்தக் கதையைப் போட்டி போட்டுக்கொண்டு படித்தார்கள்.

இப்படிப்பட்ட கதைகளில் ஒரு சங்கதி பொதுவாக இருக்கும். நம் உலகத்துக்குப் பக்கத்திலேயே, நம் கண்ணில் படாத உலகம் ஒன்று ஒளிந்திருக்கும். இளம் வயதுப் பிள்ளை ஒன்று அதற்குள் போகும். அங்கே ஒரு சக்தி கிடைக்கும்.

மணிமேகலைக்கும் அப்படி ஒரு சக்தி கிடைத்தது. ஆனால் அவள் கைக்கு வந்தது வாள் அல்ல. மந்திரக் கோலும் அல்ல.

ஒரு பிச்சைப் பாத்திரம்!

கடைக்காரர் கவிஞரானார்

கதையை எழுதியவர் சீத்தலைச் சாத்தனார். "மதுரைக் கூலவாணிகன்" என்று அவருக்கு ஓர் அடைமொழி உண்டு. "கூலம்" என்றால் தானியம். நெல், வரகு, தினை, சாமை இவையெல்லாம் கூலம்தான்.

பழைய மதுரையில் தானியக் கடைகளுக்கென்றே தனி வீதி இருந்தது. அதைச் சிலப்பதிகாரம் சொல்கிறது. இன்றும் மதுரையில் நெல்பேட்டை என்ற பெயர் இருக்கிறது.

தானியம் விற்பவருக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். மழை பெய்தால் விலை இறங்கும். மழை பொய்த்தால் விலை ஏறும். விலை ஏறினால் யார் வீட்டில் அடுப்பு எரியாது என்பதும் அவருக்குத் தெரியும்.

அதனால்தானோ என்னவோ, அவருடைய மாயக் கதையில் அரக்கனைவிடப் பெரிய எதிரியாகப் பசி வருகிறது.

சாத்தனார் எந்த நூற்றாண்டில் வாழ்ந்தார் என்பதில் அறிஞர்கள் ஒன்றுபடவில்லை. கி.பி. 2-ம் நூற்றாண்டு என்பாரும் உண்டு. 6-ம் நூற்றாண்டு என்பாரும் உண்டு.

கோவலன் மகள்

மணிமேகலை யார்? கோவலனுக்கும் மாதவிக்கும் பிறந்த மகள்.

கோவலன் மதுரையில் கொலையுண்ட செய்தி கேட்டதும் மாதவி ஆடல் பாடலை விட்டாள். புத்தத் துறவி அறவண அடிகளின் பாதம் பணிந்தாள். "என் மகளும் இனி ஆடமாட்டாள்" என்று சொல்லிவிட்டாள். ஊர் முணுமுணுத்தது. பாட்டி சித்திராபதிக்கோ ஆத்திரம்.

சோழ நாட்டு இளவரசன் உதயகுமரன் மணிமேகலை மேல் ஆசை கொண்டான். அவள் பூப்பறிக்க வந்த தோட்டத்துக்கே தேரில் வந்துவிட்டான். அவள் பளிங்கு மண்டபத்துக்குள் ஒளிந்துகொண்டாள்.

அன்று இரவு, கடலைக் காக்கும் மணிமேகலா தெய்வம் அவளைத் தூக்கிச் சென்றது. வான வழியாகத் தெற்கே முப்பது யோசனை தூரம்! கோவலனுடைய முன்னோர் ஒருவரைக் கப்பல் விபத்திலிருந்து காப்பாற்றியதும் இந்தத் தெய்வம்தான். அந்த நன்றிக்காகத்தான் கோவலன் தன் மகளுக்கு அதன் பெயரை வைத்திருந்தான்.

தெய்வம் அவளை இறக்கிவிட்ட தீவின் பெயர் மணிபல்லவம். இலங்கையில் யாழ்ப்பாணத்தை அடுத்துள்ள நயினாதீவுதான் அது என்று பலர் கருதுகிறார்கள்.

மூன்று மந்திரங்கள்

தீவில் புத்தரின் பீடம் ஒன்று இருந்தது. அதை வணங்கியதும் மணிமேகலைக்குப் போன பிறவி நினைவுக்கு வந்தது!

தெய்வம் மறுபடி தோன்றி மூன்று மந்திரங்கள் சொல்லிக் கொடுத்தது. ஒன்று, வேற்று உருவம் எடுப்பதற்கு. இன்னொன்று, வானத்தில் பறப்பதற்கு. மற்றொன்று, பசியைத் தாங்குவதற்கு.

மற்ற கதையாக இருந்தால் இத்தோடு போதும். கதாநாயகி பறந்து வந்து பகைவரைப் பழிவாங்குவாள். இந்தக் கதை அங்கே நிற்கவில்லை.

தீவைக் காவல் காத்த தீவதிலகை என்பவள் மணிமேகலையைக் கோமுகி என்ற பொய்கைக்கு அழைத்துப் போனாள். "கோமுகி" என்றால் பசுவின் முகம். ஆண்டுக்கு ஒரே ஒரு நாள், புத்தர் பிறந்த நாளான வைகாசி விசாகத்தன்று, அந்தப் பொய்கையிலிருந்து ஒரு பாத்திரம் மேலே வரும். அன்று அந்த நாள்!

தண்ணீர் அசைந்தது. பாத்திரம் வந்தது. நேராக மணிமேகலையின் கைக்கு வந்தது.

அதுதான் அமுதசுரபி. அள்ள அள்ளக் குறையாது. வாங்குகிறவர் கை ஓய்ந்தாலும் கொடுக்கும் பாத்திரம் ஓயாது.

இந்த அதிசயப் பாத்திரம் அந்தத் தீவுக்கு எப்படி வந்தது? அதற்கு நாம் மதுரைக்குத் திரும்ப வேண்டும்.

கலைமகள் கோயிலில் ஒரு பிச்சைக்காரன்

ஆபுத்திரன் என்று ஒருவன் இருந்தான். "ஆ" என்றால் பசு. பெற்ற தாய் அவனைப் பிறந்தவுடனே போட்டுவிட்டுப் போனாள். ஒரு பசு ஏழு நாள் பால் கொடுத்துக் காப்பாற்றியது. அதனால் அந்தப் பெயர்.

வளர்ந்த பிறகு, வேள்வியில் பலியிடக் கட்டியிருந்த பசு ஒன்றை அவன் அவிழ்த்துக்கொண்டு போனான். ஊரார் அடித்துத் துரத்தினார்கள். கையில் ஓட்டோடு அவன் மதுரைக்கு வந்தான்.

மதுரையில் கல்வித் தெய்வமான சிந்தாதேவிக்கு ஒரு கோயில் இருந்தது. அதன் வாசல் மண்டபம்தான் அவனுக்கு வீடு. பகலில் வீடு வீடாகப் பிச்சை எடுப்பான். கண் இல்லாதவர், கால் இல்லாதவர், காது கேளாதவர், ஆதரவு இல்லாதவர், நோயாளிகள் எல்லோரையும் கூப்பிட்டுச் சோறு போடுவான். மிச்சம் இருந்தால் தான் சாப்பிடுவான். பிச்சை ஓட்டையே தலைக்கு வைத்துக்கொண்டு தூங்குவான்.

ஒரு நாள் நள்ளிரவு. நல்ல மழை. வழிப்போக்கர் சிலர் வந்து அவனை எழுப்பினார்கள். "பசி உயிர் போகிறது" என்றார்கள்.

ஓட்டில் ஒரு பருக்கை இல்லை. ஆபுத்திரன் துடித்துப் போனான்.

அப்போது சிந்தாதேவி தோன்றி, தன் கையிலிருந்த பாத்திரத்தை அவனிடம் கொடுத்தாள். அதுவே அமுதசுரபி.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். சோற்றுப் பாத்திரத்தைக் கொடுத்தது செல்வத்தின் தெய்வம் அல்ல, கல்வியின் தெய்வம்! பசித்தவனுக்குப் படிப்பு ஏறாது என்று அந்தத் தெய்வத்துக்குத் தெரிந்திருக்கிறது.

இந்திரனின் கோபம்

ஆபுத்திரனின் புகழ் தேவலோகம் வரை எட்டியது. இந்திரன் கிழவன் வேடத்தில் வந்து, "என்ன வரம் வேண்டும்? கேள்" என்றான். ஆபுத்திரன் சிரித்தான். "பசித்தவர் முகம் மலர்வதைப் பார்க்கிறேனே, அதைவிடவா பெரிய வரம் நீ தரப்போகிறாய்?" என்ற பொருளில் பதில் சொன்னான்.

இந்திரனுக்குக் கோபம் வந்தது. ஆனால் அவன் இடியை ஏவவில்லை. நெருப்பைப் பொழியவில்லை. வேறு ஒரு தந்திரம் செய்தான்.

மழை பெய்ய வைத்தான்!

பன்னிரண்டு ஆண்டுகளாக வறண்டு கிடந்த பாண்டிய நாடு செழித்தது. களத்தில் நெல் குவிந்தது. எல்லோர் வீட்டிலும் சோறு. ஆபுத்திரனைத் தேடி யாரும் வரவில்லை. பசித்தவர் கூடிய மண்டபத்தில் வீணர்கள் கூடினார்கள். சூதாடினார்கள். பாத்திரத்தோடு வந்து நின்ற ஆபுத்திரனை ஒருவரும் சட்டை செய்யவில்லை.

நாடு செழித்தது நல்ல காரியம். ஆனால் கொடுத்தே பழகியவன் கை சும்மா இருக்க முடியுமா?

சாவகம் என்ற நாட்டில் பஞ்சம் என்று கப்பல்காரர்கள் சொன்னார்கள். ஜாவாத் தீவைத்தான் அப்படிச் சொன்னார்கள் என்பது பலருடைய கருத்து. ஆபுத்திரன் கப்பல் ஏறினான். வழியில் காற்று பலமாக அடித்தது. மணிபல்லவத் தீவில் கப்பல் ஒரு நாள் தங்கியது. அவன் கரை இறங்கினான். அவன் ஏறிவிட்டதாக நினைத்துக் கப்பல் புறப்பட்டுப் போய்விட்டது.

ஆள் இல்லாத தீவு. கையில் அமுதசுரபி. அவன் நினைத்திருந்தால் ஆயுள் முழுவதும் வயிறாரச் சாப்பிட்டிருக்கலாம்.

அவன் அப்படிச் செய்யவில்லை. "பல்லாயிரம் பேருக்குச் சோறு போட வேண்டிய பாத்திரம் என் ஒருவன் வயிற்றுக்கா?" என்று நினைத்தான். "ஆண்டுக்கு ஒரு முறை மேலே வா. நல்லவர் யாராவது வந்தால் அவர் கைக்குப் போ" என்று சொல்லிப் பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டான். பட்டினி கிடந்தே உயிர் விட்டான்.

மாயக் கதைகளில் இப்படி ஒரு காட்சி அபூர்வம். சக்தி கையில் இருக்கிறது. தனக்காக அதைப் பயன்படுத்த மனம் வரவில்லை!

ஒரு பிடி சோறு

மணிமேகலை பாத்திரத்தோடு புகார் நகருக்குப் பறந்து வந்தாள். ஆனால் ஒரு நிபந்தனை. அமுதசுரபியில் முதல் பிச்சையை நல்லவள் ஒருத்தி இட வேண்டும். அதன் பிறகுதான் அது சுரக்கும்.

அந்த நல்லவள் ஆதிரை. அவள் கணவன் சாதுவன் கப்பல் கவிழ்ந்து, மனிதரைத் தின்னும் நாகர் தீவில் ஒதுங்கியவன். அவர்களுடைய பாஷை அவனுக்குத் தெரிந்திருந்தது. பேசினான், பிழைத்தான். கற்ற மொழி உயிரைக் காத்தது!

ஆதிரை, உலகத்தின் பசியெல்லாம் தீரட்டும் என்று வாழ்த்திப் பாத்திரம் நிறையச் சோறு இட்டாள். அமுதசுரபி சுரக்கத் தொடங்கியது.

தெய்வம் தந்த பாத்திரமாக இருந்தாலும், ஒரு வீட்டுச் சோறு முதலில் விழ வேண்டியிருக்கிறது. உலையில் அரிசி போடும்போது ஒரு பிடியைத் தனியே எடுத்து வைக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. "பிடி அரிசி" என்பார்கள். பாட்டிமார்களுக்குத் தெரியும்.

காயசண்டிகை என்ற வானுலகப் பெண்ணுக்கு ஒரு சாபம். எவ்வளவு தின்றாலும் அடங்காத பசி. பன்னிரண்டு ஆண்டுகள் தவித்தவளுக்கு அமுதசுரபியின் ஒரு பிடி சோறு போதுமாக இருந்தது.

பிறகு மணிமேகலை சிறைச்சாலைக்குள் போனாள். கைதிகளுக்குச் சோறு போட்டாள். மன்னன் வியந்து, "உனக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டான். "இந்தச் சிறையை அறச்சாலை ஆக்குங்கள்" என்றாள். அப்படியே ஆயிற்று.

பின்னால் காஞ்சியில் பஞ்சம் வந்தபோது அங்கும் போய்ப் பசி தீர்த்தாள். கடைசியில் துறவு பூண்டாள். முப்பது காதைகளோடு கதை முடிகிறது.

ஏட்டில் ஒளிந்த கதை

இந்தக் கதையே பல காலம் ஒளிந்துதான் கிடந்தது. பனை ஓலைச் சுவடிகளில் இருந்தது. படித்தாலும் பொருள் விளங்கவில்லை. அது பௌத்த மதக் காப்பியம். தமிழ்நாட்டில் பௌத்தம் மறைந்து பல நூற்றாண்டுகள் ஆகியிருந்தன. அந்த மதச் சொற்களை விளக்கிச் சொல்ல ஆள் இல்லை.

உ. வே. சாமிநாதையர் விடவில்லை. ஊர் ஊராகச் சுவடி தேடியவர் அவர். ரங்காசாரியார் என்ற பேராசிரியர் ஆங்கிலத்தில் வந்த பௌத்த நூல்களைப் படித்து அவருக்கு விளக்கினார். சந்தேகங்கள் ஒவ்வொன்றாகத் தெளிந்தன. 1898-ல் "மணிமேகலை" அச்சில் வந்தது.

செய்யுள் புரியாதவர்களும் படிக்க வேண்டும் என்று, கதையின் சுருக்கத்தையும் ஐயர் வசனத்தில் எழுதிச் சேர்த்தார்.

நிஜப் பஞ்சம்

அந்த நூல் அச்சாவதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன், தமிழ்நாடு ஒரு கொடிய பஞ்சத்தைக் கண்டிருந்தது. தாது வருஷத்துப் பஞ்சம் என்று முதியோர் சொல்வார்களே, அதுதான். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கானோர் மாண்டார்கள். மதுரைச் சீமையும் தப்பவில்லை.

மதுரைச் சமவெளிக்கு "இந்திரன் மழை" வந்தது 1895-ல். மேற்கே ஓடிக் கடலில் கலந்துகொண்டிருந்த பெரியாற்றுத் தண்ணீரை, பென்னிகுயிக் என்ற எஞ்சினியர் அணை கட்டி, மலையைக் குடைந்து, கிழக்கே வைகைப் பக்கம் திருப்பினார். மேலூர்ப் பக்கத்து வயல்கள் பச்சையாயின.

பஞ்சம் போயிற்று. ஆனால் பசி முழுவதும் போய்விட்டதா? வயல் நிறைய நெல் விளைந்தாலும், கூலி கிடைக்காத வீட்டில் பிள்ளை வெறும் வயிற்றோடுதான் பள்ளிக்கூடம் போனது. சில பிள்ளைகள் போகவே இல்லை. மாடு மேய்க்கப் போனார்கள்.

பள்ளிக்கூடத்தில் அமுதசுரபி

1920-ல், சர். பி. தியாகராயர் தலைவராக இருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பகல் உணவு போட்டது. 1956-ல் முதலமைச்சர் காமராஜர் பள்ளி மதிய உணவுத் திட்டத்தை எட்டயபுரத்தில் தொடங்கினார். நாடெங்கும் பொதுமக்கள் அரிசியும் பருப்பும் காசும் கொடுத்தார்கள். ஆதிரை இட்ட முதல் பிச்சை போல!

1982-ல் முதலமைச்சர் எம். ஜி. ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கினார்.

2022 செப்டம்பர் 15 அன்று காலை உணவுத் திட்டம் தொடங்கியது. முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் அதைத் தொடங்கி வைத்த இடம் எது தெரியுமா? மதுரை ஆதிமூலம் மாநகராட்சி தொடக்கப் பள்ளி. முதல் கட்டத்தில் 1,545 அரசுப் பள்ளிகளில், 1 முதல் 5-ம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்குக் காலையில் உணவு கிடைத்தது. 2023-ல் மாநிலம் முழுவதும் உள்ள அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு அது விரிந்தது.

கல்வித் தெய்வத்தின் வாசலில் பசித்தவர்களுக்குச் சோறு. மதுரை வியாபாரி கதையில் கண்ட அதே காட்சி!

இங்கே மந்திரம் எதுவும் இல்லை. விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டுகிற பெண்கள் இருக்கிறார்கள். உப்புமாவும் பொங்கலும் கிண்டுகிற கரண்டி இருக்கிறது. ஆனால் பாத்திரம் ஒரு நாள் காலியாக வந்தாலும் பிள்ளையின் முகம் வாடிவிடும். அமுதசுரபிக்கு அந்தக் கவலை இல்லை. நமக்கு உண்டு.

பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்

வெளிநாட்டு மாயக் கதைகளைப் பிள்ளைகள் படிக்கட்டும். நன்றாகப் படிக்கட்டும். அவற்றோடு நம் ஊர்க் கதையையும் படிக்கட்டும். எளிய வசனத்தில் மணிமேகலைக் கதைப் புத்தகங்கள் பல இருக்கின்றன. பிள்ளை எழுத்துக்கூட்டிப் படிக்க, வீட்டில் மற்றவர்கள் கேட்கலாம். படிக்கத் தெரியாத பாட்டியும் கேட்கலாம்.

சித்திரைத் திருவிழாவில் மதுரை வீதிகளைப் பாருங்கள். அழகரைப் பார்க்க வருகிற கூட்டத்துக்கு யார் யாரோ நீர்மோர் கொடுக்கிறார்கள். பானகம் கொடுக்கிறார்கள். அண்டா அண்டாவாகச் சோறு போடுகிறார்கள். வாங்குகிறவர் பெயரைக் கேட்பதில்லை. ஆபுத்திரனும் கேட்கவில்லை.

இன்று இரவு சாப்பாடு ஆனதும் பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். தீவையும், பொய்கையையும், பாத்திரத்தையும் சொல்லுங்கள். சொல்லி முடித்த பிறகு ஒரு கேள்வி கேளுங்கள்:

"அந்தப் பாத்திரம் உன் கையில் கிடைத்தால், முதலில் எந்தத் தெருவுக்குப் போவாய்?"

அவர்கள் சொல்லும் பதிலைக் கவனமாகக் கேளுங்கள். அந்தத் தெருவுக்கு நாளைக்கே ஒரு தூக்குவாளி சோறு போகலாம்.